அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் சீசனை முதல் தடவை பார்ப்பது எப்படி? ஓஹையோ ஸ்டேட்டின் 2024-ஐ வைத்து ஒரு வழிகாட்டி

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் ஓர் அணிக்கு ஒரு சீசனில் உறுதியாகக் கிடைப்பது 12 ஆட்டம்தான். வாரத்துக்கு ஒன்று, பெரும்பாலும் சனிக்கிழமை. ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி நவம்பர் கடைசியில் முடிந்துவிடும். அதற்கு மேல் ஆட வேண்டுமென்றால் ஜெயித்திருக்க வேண்டும். வருஷம் முழுக்க ஏதாவது ஒரு கிரிக்கெட் தொடர் ஓடிக்கொண்டிருக்கும் ஊரிலிருந்து போகிறவர்களுக்கு, பன்னிரண்டே ஆட்டத்துக்காக ஒரு நகரமே ஒன்பது மாதம் காத்திருப்பது விளங்காது. ஆட்ட விதிகளை யாராவது சொல்லித் தந்துவிடுவார்கள். இந்த ஆட்டம் இந்த வாரம் ஏன் இவ்வளவு பெரிசு என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

அதனால் ஒரு சீசனை முதலிலிருந்து கடைசிவரை எப்படித் தொடர்வது என்று இங்கே சொல்லப்போகிறேன். உதாரணத்துக்கு ஓஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் உள்ள ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் 2024 சீசன். ஒரு பாயிண்ட் தோல்வி, சொந்த மைதானத்தில் தலைகுனிவு, கடைசியில் தேசிய சாம்பியன் பட்டம் என்று எல்லாமே அந்த ஒரு சீசனுக்குள் அடங்கிவிட்டன. அங்கே படிக்கப் போகிறவர்களுக்கும் பயன்படும், ஊரில் இருந்தபடியே ராத்திரி கண்விழித்துப் பார்க்க நினைப்பவர்களுக்கும் பயன்படும்.

1. ஒரே ஓர் அணியைப் பிடித்துக்கொள்ளுங்கள்

முதல் டிவிஷனின் மேல்மட்டத்தில் மட்டும் 2024-ல் 134 அணிகள் இருந்தன. எல்லாவற்றையும் பார்க்க ஆசைப்பட்டால் எதுவும் மனதில் நிற்காது. நீங்களோ உறவுக்காரப் பிள்ளையோ படிக்கும் பல்கலைக்கழகம் என்று ஒன்று இருந்தால் அதுதான் உங்கள் அணி, அதற்கு மேல் யோசிக்க வேண்டாம். அப்படி எதுவும் இல்லை என்றால் பெரிய அணி ஒன்றை எடுங்கள். ஆட்டம் தவறாமல் டிவியில் வரும், பேசுவதற்கும் ஆள் கிடைப்பார்கள்.

அணியைத் தேர்ந்ததும் அது எந்த கான்ஃபரன்ஸில், அதாவது தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் அணிகளின் எந்தக் கூட்டமைப்பில், இருக்கிறது என்று பாருங்கள். ஓஹையோ ஸ்டேட் இருப்பது பிக் டென். பெயரில் பத்து இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். 2024-ல் ஓரிகன், வாஷிங்டன், இன்னும் இரண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழகங்கள் சேர்ந்ததில் அது 18 அணி ஆகிவிட்டது. பக்கத்தில் பிக் 12 என்று இன்னொன்று உண்டு, அதில் 16 அணிகள். கணக்குப் பார்த்துப் பெயர் வைக்கும் பழக்கம் அவர்களுக்கு இல்லை. பன்னிரண்டு ஆட்டத்தில் ஒன்பதை ஓஹையோ ஸ்டேட் தன் கான்ஃபரன்ஸ் அணிகளோடு ஆடும், மூன்றை வெளியாட்களோடு.

அப்புறம் வீரர்கள். இவர்கள் மாணவர்கள். ஒருவர் ஐந்து ஆண்டுக்குள் நான்கு சீசன் ஆடலாம் என்பதுதான் அப்போது இருந்த பொது விதி. ஆகவே போன வருடம் பார்த்த அணி இந்த வருடம் இருக்காது. போதாக்குறைக்கு 2018-ல் வந்த டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் மூலம் வீரர்கள் கல்லூரி விட்டுக் கல்லூரி தாவலாம். 2021 ஜூலை முதல் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரப் பணமும் சம்பாதிக்கலாம். 2024-ல் ஓஹையோ ஸ்டேட்டின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர், வில் ஹவர்ட் வந்தது கான்சஸ் ஸ்டேட்டிலிருந்து. பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் குவின்ஷான் ஜட்கின்ஸ் மிசிசிப்பியிலிருந்து. பின்வரிசைக் காவலில் நின்ற கேலப் டவுன்ஸ் அலபாமாவிலிருந்து. அந்த அணி வீரர்களுக்குப் போன பணம் சுமார் 2 கோடி டாலர் என்று பல்கலைக்கழக விளையாட்டு இயக்குநரே வெளிப்படையாகச் சொன்னார். 'மாணவர் விளையாட்டு' என்று கேட்டு ஏதோ அறிவியல் கண்காட்சி மாதிரி நினைத்துப் போகாதீர்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அதே அணியில் பணத்தை மட்டும் வைத்து விளங்கிக்கொள்ள முடியாத ஒன்றும் நடந்தது. ஜாக் சாயர், ஜே.டி. டுயிமொலோவ், எமெகா எக்புகா, ட்ரெவியான் ஹெண்டர்சன், டானவன் ஜாக்சன் என்று 2021-ல் சேர்ந்த பலர், தொழில்முறை லீகுக்குப் போகும் வாய்ப்பு இருந்தும் இன்னொரு வருடம் கல்லூரியிலேயே தங்கினார்கள். அவர்கள் பரம எதிரியான மிச்சிகனை ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

2. விதிகள்: முதல் மாதத்துக்கு இவ்வளவு போதும்

மைதானம் 100 யார்டு. அணிக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு, ஒவ்வொன்றும் ஒரு டவுன். அந்த நான்குக்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடியும் புதிதாக நான்கு டவுன். நான்கு பந்தில் பத்து ரன் அடித்தால் இன்னும் நான்கு பந்து தருவோம் என்று சொன்னால் எப்படி இருக்கும், அதுதான். திரையின் கீழே இரண்டு எண்கள் தெரியும். முதல் எண் எத்தனையாவது டவுன், அடுத்தது இன்னும் எத்தனை யார்டு பாக்கி. மூன்றாவது டவுன், 2 யார்டு என்றால் மூச்சு விடலாம். மூன்றாவது டவுன், 11 யார்டு என்றால் சிக்கல். வேறெதுவும் புரியாவிட்டாலும் இந்த இரண்டு எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டே ஒரு ஆட்டத்தை ரசித்துவிடலாம்.

நான்காவது டவுனில் கோச் முன்னால் மூன்று வழி இருக்கும். பந்தைத் தூரமாய் உதைத்து எதிரணிக்குக் கொடுத்துவிடலாம். பக்கத்தில் வந்துவிட்டால் கோல் கம்பங்களுக்கு நடுவே உதைத்து 3 பாயிண்ட் எடுக்கலாம், இது ஃபீல்டு கோல். துணிச்சல் இருந்தால் நான்காவது டவுனையும் ஆடிப் பார்க்கலாம், தவறினால் பந்து அங்கேயே கைமாறும். பந்தோடு கடைசிக் கோட்டைத் தாண்டினால் டச்டவுன், 6 பாயிண்ட். அதற்கு மேல் ஒரு உதைக்கு 1, அல்லது மறுபடி ஓடியோ எறிந்தோ கோட்டைத் தாண்டினால் 2.

தொழில்முறை ஆட்டத்தை ஏற்கெனவே பார்த்தவர்களுக்குச் சில வித்தியாசங்கள்: கல்லூரியில் ஓரக்கோட்டுக்குள் ஒரு கால் பதிந்தாலே கேட்ச். யாரும் தொடாமல் முழங்கால் தரையில் பட்டாலும் அந்த ஆட்டத் துண்டு, அதாவது அந்த டவுன், முடிந்தது. சமநிலையில் முடிந்தால் ஒவ்வோர் அணிக்கும் எதிரணியின் 25 யார்டு கோட்டில் பந்தைக் கொடுத்துத் தீர்த்துக்கொள்ளச் சொல்வார்கள்.

கணக்குப்படி ஒரு ஆட்டம் 60 நிமிடம். நடைமுறையில் மூன்றரை மணி நேரம். விளம்பரம், டைம்-அவுட், வீடியோ ரீப்ளே என்று இழுத்துவிடும். அதற்குத் தகுந்தபடி உட்காருங்கள்.

நான் எப்போதும் சொல்லும் ஒரு யோசனை: எல்லாரும் குவார்ட்டர்பேக்கைப் பார்ப்பார்கள். பந்து நகர்ந்த முதல் இரண்டு விநாடி மட்டும் நீங்கள் அவருக்கு முன்னால் சுவராக நிற்கும் ஐந்து தடியர்களைப் பாருங்கள். அந்தச் சுவர் நின்றால் ஆட்டம் நிற்கும். இந்த அணியின் கதையிலும் அதைப் பார்ப்போம்.

3. அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்

ஆகஸ்டில் அட்டவணையை எடுத்து 12 வரிகளையும் ஒருமுறை பாருங்கள். எல்லா ஆட்டமும் ஒரே எடை கிடையாது. ஓஹையோ ஸ்டேட்டின் 2024 அட்டவணை பாடம் நடத்தவே எழுதினதுபோல இருந்தது.

முதல் மூன்றும் சொந்த ஊரில், சின்ன அணிகளோடு: ஏக்ரன் 52-6, வெஸ்டர்ன் மிச்சிகன் 56-0, மார்ஷல் 49-14. இப்படி வரும் சின்ன பல்கலைக்கழகங்களுக்குப் பெரிய அணி நல்ல தொகை கொடுக்கும். வந்து அடிவாங்கிவிட்டு, அந்தப் பணத்தில் தங்கள் விளையாட்டுத் துறையை ஓட்டுவார்கள். முடிவு முன்பே தெரிந்ததுதான் என்று பழைய ரசிகர்கள் அலட்டிக்கொள்ள மாட்டார்கள். புதிதாக வருபவருக்கு இதைவிட நல்ல ஆட்டம் கிடையாது. டிக்கெட் விலை குறைவு, வெயில் காலம், சுற்றி இருப்பவர்கள் பதற்றமில்லாமல் நீங்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்வார்கள்.

அடுத்தது நடுத்தரம்: மிச்சிகன் ஸ்டேட் (பரம எதிரி மிச்சிகன் வேறு, இது வேறு) 38-7, ஐயோவா 35-7. இங்கே ஸ்கோர் இடைவெளி எவ்வளவு என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

பேனாவால் வட்டம் போட வேண்டியவை நான்கு: அக்டோபர் 12 ஓரிகன், நவம்பர் 2 பென் ஸ்டேட், இரண்டும் எதிரணி மைதானத்தில். நவம்பர் 23 இண்டியானா, நவம்பர் 30 மிச்சிகன், இரண்டும் கொலம்பஸில். எதிரணி மைதானம் என்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பார்வையாளர் போடும் கூச்சலில் குவார்ட்டர்பேக் சொல்வது பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது. அந்த 2024-ல்தான் கோச்சின் குரல் வீரரின் ஹெல்மெட்டுக்குள் கேட்கும் வசதியே கல்லூரி ஆட்டத்துக்கு வந்தது.

ஓரிகன் ஆட்டத்தை ரீப்ளேயிலாவது தேடிப் பாருங்கள். முடிவு 32-31, ஓரிகனுக்கு. கடைசிச் சில விநாடிகளில் ஓஹையோ ஸ்டேட் ஒரு ஃபீல்டு கோல் தூரத்துக்குப் போக முயன்றது. அப்போது ஓரிகன் பக்கம் 11-க்குப் பதில் 12 பேர் நின்றார்கள். தண்டனை 5 யார்டு. ஆனால் அந்த ஆட்டத் துண்டில் ஓடிப்போன விநாடிகள் திரும்பி வரவில்லை. 5 யார்டு கொடுத்து நேரத்தை வாங்கிக்கொண்ட வியாபாரம் அது. தற்செயல் இல்லை என்பதை ஓரிகன் கோச் டான் லானிங்கும் சாடையாக ஒப்புக்கொண்டார். அடுத்த துண்டில் ஹவர்ட் ஓடிச் சறுக்கி உட்காரும்போது கடிகாரம் பூஜ்யத்தில் இருந்தது. அந்த வாரமே விதிக்கு விளக்கம் வந்தது: கடைசி நேரத்தில் இப்படிச் செய்தால் கடிகாரத்தைத் திருப்பி வைக்கச் சொல்லலாம். ஓஹையோ ஸ்டேட்டுக்கு அது தாமதம்தான்.

தோல்வியைவிடப் பெரிய இழப்பு அன்றைக்கு வேறு. சுவரின் இடது முனையில் நிற்கும் ஜாஷ் சிம்மன்ஸ் காலில் அடிபட்டு அந்த சீசனையே இழந்தார். அடுத்த ஆட்டம் நெப்ராஸ்காவோடு, சொந்த மைதானத்தில், 21-17. ஜெயித்தும் யாருக்கும் முகத்தில் சிரிப்பு இல்லை. புதிதாகப் பார்க்கிறவர்கள் இங்கேதான் குழம்புவார்கள், ஜெயித்தாயிற்றே, ஏன் இந்த முகம் என்று. பலவீனமான எதிரணியிடம் நான்கு பாயிண்டில் தப்பித்தால் வரப்போகும் வாரங்களைப் பற்றி அது ஏதோ சொல்கிறது என்று அர்த்தம். கோச்சுகள் சுவரைக் கலைத்து மறுபடி கட்டினார்கள். உள்பக்கம் நின்ற டானவன் ஜாக்சனை இடது முனைக்கு மாற்றினார்கள்.

பலன் அடுத்த வாரமே பென் ஸ்டேட்டில் தெரிந்தது. ஆட்டத்தின் நான்காவது கால் பகுதியில் பென் ஸ்டேட் 3 யார்டு தூரத்தில் நின்று நான்கு முறை மோதியும் கோட்டைத் தாண்ட முடியவில்லை. பந்து கைமாறியபோது ஐந்து நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே பாக்கி. ஓஹையோ ஸ்டேட் பந்தை ஒருமுறைகூட எறியவில்லை. ஓடி ஓடியே கடிகாரத்தைத் தின்று தீர்த்து 20-13 என்று முடித்தது. டச்டவுன் இல்லாத அந்த ஐந்து நிமிடம்தான் அந்த சீசனிலேயே எனக்குப் பிடித்த பகுதி.

4. சனிக்கிழமை

நேரில் போகிறவர்களுக்கு முதலில். ஓஹையோ ஸ்டேடியம் 1922-ல் திறந்தது, இருக்கை 1,02,780. குதிரை லாடம் போன்ற வடிவம், செல்லப்பெயரும் அதுவே. நீங்கள் எடுத்துப் போகும் பை ஒளிபுகும் பிளாஸ்டிக்கில் இருக்க வேண்டும். தோள்பை, லேப்டாப் பை எல்லாம் வாசலிலேயே திரும்பிவிடும். சிவப்பு நிறத்தில் ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள். செப்டம்பரில் தொப்பியும் தண்ணீரும், நவம்பரில் அடுக்கடுக்காய் உடையும் கையுறையும். உலோக பெஞ்ச் குளிரை உள்ளே இறக்கும், அடியில் போட ஒரு துணி வேண்டும்.

ஆட்டத்துக்குப் பல மணி நேரம் முன்பே கார் நிறுத்துமிடங்களில் டெயில்கேட் தொடங்கிவிடும். காரின் பின்கதவைத் திறந்து, கிரில் மூட்டி, நாற்காலி போட்டு உட்காருவார்கள். தெரியாதவரையும் கூப்பிட்டுத் தட்டை நீட்டுவார்கள், கூச்சப்பட வேண்டாம். சைவம் என்றால் நீங்களே ஏதாவது கொண்டுபோவது நல்லது. அடுப்பில் வேகுவது பர்கரும் சாசேஜும்தான்.

உள்ளே போவதற்கு முன் பக்கத்திலுள்ள செயின்ட் ஜான் அரங்கில் பேண்டு ஒத்திகை பார்க்கும். அதற்கு ஒரு கூட்டம் தனியாகவே வரும். ஓஹையோ ஸ்டேட் பேண்டில் பித்தளை ஊதுகருவிகளும் மேளங்களும் மட்டும்தான், புல்லாங்குழல், கிளாரினெட் எதுவும் கிடையாது. மைதானத்தில் அவர்கள் செய்யும் 'ஸ்கிரிப்ட் ஓஹையோ' 1936-லிருந்து நடந்து வருகிறது. முன்னணியில் வருபவர் முதுகைப் பின்னால் வளைத்துத் தொப்பியின் இறகு புல்லைத் தொடும்வரை சாய்வார். பிறகு மொத்த வாத்தியக் குழுவும் ஒற்றை வரிசையாக நகர்ந்தே கூட்டெழுத்தில் ஓஹையோ என்று மைதானத்தில் எழுதும். கடைசியில் ஒரு எழுத்தின் மேல் புள்ளி வைக்க வேண்டும். அதற்கு மூத்த மாணவர் ஒருவர் தோளில் மாட்டிய சூசாஃபோன் என்ற பெரிய ஊதுகருவியோடு காலை உதறி நடந்து வந்து நிற்பார், இரண்டு பக்கமும் குனிந்து வணக்கம் சொல்வார். டச்டவுனுக்குக் கிடைக்காத கைதட்டல் சில சமயம் அதற்குக் கிடைக்கும். ஆகவே பேண்டு வரும் நேரத்தில் எழுந்து காபி வாங்கப் போகாதீர்கள்.

'ஓ-எச்' என்று யாராவது கத்தினால் 'ஐ-ஓ' என்று திருப்பிக் கத்த வேண்டும். மைதானத்தில் மட்டுமில்லை, விமான நிலையத்தில் கேட்டாலும் அதே பதில்தான்.

வீட்டிலிருந்து பார்க்கிறவர்கள் நேரக் கணக்கை எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். கொலம்பஸில் மதியம் 12 மணி என்றால் அக்டோபர் வரை இந்தியாவிலும் இலங்கையிலும் இரவு 9.30. நவம்பர் முதல் ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்தள்ளுவார்கள், அதன் பிறகு இரவு 10.30. அங்கே மாலை 7.30 ஆட்டம் நமக்கு ஞாயிறு காலை 5 மணி, நவம்பருக்குப் பிறகு 6 மணி. மதிய ஆட்டங்கள் நமக்குத் தோதானவை. ஓஹையோ ஸ்டேட்டுக்கு நிறைய மதிய ஆட்டம் விழும். அங்கத்திய ரசிகர்கள் அதைப் பற்றிப் புலம்புவார்கள், நமக்கு லாபம்.

5. ரேங்கிங்கை எப்போது கவனிப்பது

சீசனுக்கு முன்பே ஒரு தரவரிசை வந்துவிடும். பத்திரிகையாளர்கள் வாக்களிக்கும் ஏ.பி. (அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம்) பட்டியல் 1936-லிருந்து இருக்கிறது, ஒவ்வொரு வாரமும் முதல் 25 அணிகள். 2024 தொடக்கத்தில் ஜார்ஜியா முதலிடம், ஓஹையோ ஸ்டேட் இரண்டாமிடம். அணியின் பெயருக்கு முன்னால் திரையில் தெரியும் சின்ன எண் இதுதான். பேச்சுக்கு நல்லது, பட்டத்துக்கு இதனால் ஒன்றும் ஆகாது.

நவம்பர் தொடக்கத்திலிருந்து செவ்வாய்க்கிழமைகளில், தேசிய சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளே-ஆஃப் சுற்றுக்கு அணிகளைத் தேர்ந்தெடுக்கும் குழுவின் பட்டியல் வரும். அதுதான் செல்லும். அதுவரை யாராவது ரேங்கிங் பற்றிச் சண்டை போட்டால் சரி என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். நவம்பர் 23 அன்று கொலம்பஸுக்கு வந்த இண்டியானா அதுவரை 10-0 (பத்து வெற்றி, தோல்வி இல்லை), குழுவின் பட்டியலில் ஐந்தாமிடம். ஓஹையோ ஸ்டேட் 38-15 என்று அனுப்பி வைத்தது. ஆக, கடைசி வாரத்துக்கு வரும்போது 10-1.

6. மிச்சிகன் வாரம்

இதற்குத் தனிப் படி வேண்டும். மற்ற பதினோரு வாரமும் கற்றது இங்கே செல்லாது.

மிச்சிகன் பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பர், கொலம்பஸிலிருந்து வடக்கே காரில் மூன்று மணி நேரம். இரண்டு அணிகளும் முதலில் மோதியது 1897. இரண்டு மாநிலங்களும் டொலீடோ நகரத்துக்காக 1835-லேயே படை திரட்டி முறைத்துக்கொண்டவை. அந்த வாரம் கொலம்பஸ் வளாகத்தில் கட்டடப் பெயர்ப் பலகைகளில் உள்ள எம் எழுத்தெல்லாம் சிவப்பு டேப்பால் அடித்திருக்கும். பலர் மிச்சிகன் என்ற பெயரையே வாயால் சொல்ல மாட்டார்கள், 'அந்த வடக்கத்தி அணி' என்பார்கள். மிச்சிகனை ஜெயிக்கும் அணியின் வீரர்களுக்குக் கால்சட்டை வடிவில் ஒரு குட்டித் தங்கப் பதக்கம் கிடைக்கும். 1934-லிருந்து வரும் வழக்கம். சாயருக்கும் கூட்டாளிகளுக்கும் அதுவரை அது கிடைத்ததே இல்லை. 2021, 2022, 2023 மூன்றிலும் தோல்வி.

2024-ல் மிச்சிகன் 6-5 என்று தள்ளாடிக்கொண்டு வந்தது. முந்தைய வருட சாம்பியன் அணியின் முக்கிய வீரர்களும் கோச்சும் போய்விட்டிருந்தார்கள். ஓஹையோ ஸ்டேட் ஏறக்குறைய 20 பாயிண்ட் வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்பது பந்தயக் கணக்கு. நடந்தது 13-10, மிச்சிகனுக்கு. ஜெரமையா ஸ்மித், எக்புகா என்று நாட்டிலேயே சிறந்த பந்து பிடிப்பவர்களை வைத்துக்கொண்டு, ஓஹையோ ஸ்டேட் நட்டநடுவில் மோதி மோதி ஓடப் பார்த்தது. அங்கே மிச்சிகனின் பலமான ஆட்கள் நின்றிருந்தார்கள். ஹவர்ட் எறிந்த இரண்டு பந்துகளை எதிரணி பிடித்தது. ஜேடன் ஃபீல்டிங் உதைத்த இரண்டு ஃபீல்டு கோல்கள் தவறின. 45 விநாடி இருக்கும்போது மிச்சிகனின் டாமினிக் ஸ்வாடா 21 யார்டிலிருந்து உதைத்து முடித்தார்.

அதற்குப் பிறகு மிச்சிகன் வீரர்கள் மைதான நடுவில் தங்கள் கொடியை நட்டார்கள். கைகலப்பு. போலீஸ் மிளகு ஸ்பிரே அடித்தது. பிக் டென் இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் தலா 1 லட்சம் டாலர் அபராதம் போட்டது. ஓஹையோ ஸ்டேட் கோச் ரையன் டே மற்ற அணிகளிடம் தோற்பது அரிது, மிச்சிகனிடம் மட்டும் அன்றோடு அவர் கணக்கு 1-4 ஆனது. அவரை வெளியேற்றச் சொல்லும் குரல்கள் அந்த ராத்திரியே கிளம்பின.

இந்த வாரத்தில் நீங்கள் செய்ய வேண்டியது ரொம்பக் குறைவு. நீலம் மிச்சிகனின் நிறம், நீலச் சட்டையை அலமாரியிலேயே வையுங்கள். தோற்றால் 'விளையாட்டுதானே' என்று ஆறுதல் சொல்லப் போகாதீர்கள். லேப்மேட் ஞாயிற்றுக்கிழமை போனை எடுக்காவிட்டால் திங்கட்கிழமை கூப்பிடுங்கள்.

7. டிசம்பர், ஜனவரி: இரண்டாவது சீசன்

2014 முதல் 2023 வரை பிளே-ஆஃபுக்கு நான்கே அணிகள். இரண்டு ஆட்டம் தோற்ற அணி எதுவும் அந்தப் பத்து வருடத்தில் உள்ளே போனதில்லை. பழைய கணக்குப்படி ஓஹையோ ஸ்டேட்டின் கதை நவம்பர் 30 அன்றே முடிந்திருக்கும். 2024-ல் 12 அணிகளாக்கினார்கள். கான்ஃபரன்ஸ் சாம்பியன்களில் உயர்ந்த ஐந்து பேருக்கும், மீதி ஏழு இடத்தில் குழு தேர்ந்தெடுக்கும் அணிகளுக்கும் இடம். ஓஹையோ ஸ்டேட் எட்டாவது தரத்தில் நுழைந்தது. முதல் நான்கு தரத்துக்கு முதல் சுற்று ஓய்வு. ஐந்து முதல் எட்டு வரை உள்ளவர்களுக்கு முதல் சுற்று சொந்த மைதானத்தில். இதைத் தெரிந்துகொண்டால் டிசம்பரில் யார் எதற்காகப் பதறுகிறார்கள் என்று புரியும்.

டிசம்பர் 21, கடுங்குளிரில் கொலம்பஸில் டென்னசி. முதல் கால் பகுதியிலேயே 21-0, முடிவு 42-17. அந்த மூன்று வாரத்தில் என்ன மாறியது? நட்டநடுவில் மோதுவதை விட்டுவிட்டு ஸ்மித்துக்குப் பந்தை எறிந்தார்கள். இதற்கு மூன்று வாரம் எதற்கு என்று கேட்காதீர்கள், ஓஹையோ முழுக்க அதைத்தான் கேட்டார்கள்.

ஜனவரி 1, பாசடினாவில் ரோஸ் பவுல் என்ற காலிறுதி, மறுபடியும் ஓரிகன். இப்போது ஓரிகன் 13-0, முதல் தரம். இடைவேளைக்கு முன்பே 34-0. கடைசியில் 41-21. சுவாரசியம் என்னவென்றால், முதல் சுற்று ஓய்வு கிடைத்த நான்கு அணிகளுமே தங்கள் முதல் ஆட்டத்தில் தோற்றன. அடுத்த சீசனுக்குத் தர வரிசை போடும் முறையையே மாற்றினார்கள்.

ஜனவரி 10, டெக்சாஸ் மாநிலத்து ஆர்லிங்டனில் காட்டன் பவுல் என்ற அரையிறுதி, டெக்சாஸ் அணியோடு. 21-14 என்று ஓஹையோ ஸ்டேட் முன்னால் இருக்கிறது, டெக்சாஸ் 1 யார்டு தூரத்தில் முதல் டவுனோடு நிற்கிறது. சமன் ஆவது உறுதி என்ற நிலை. இரண்டாவது டவுனில் பக்கவாட்டில் ஓடப் பார்த்து ஏழு யார்டு பின்னுக்குப் போனார்கள். நான்காவது டவுனில் ஜாக் சாயர் குவார்ட்டர்பேக் குவின் யூவர்ஸின் கையிலிருந்த பந்தைத் தட்டி, தானே எடுத்து, 83 யார்டு ஓடி டச்டவுன் போட்டார். 28-14. யூவர்ஸ் 2021-ல் ஓஹையோ ஸ்டேட்டில் இருந்தவர், சாயரின் அறைத்தோழர். 1 யார்டில் நின்ற பந்து 8 யார்டுக்கு ஏன் போனது என்று திருப்பித் திருப்பிப் பாருங்கள். டவுனும் தூரமும் என்று இரண்டாவது படியில் சொன்னது முழுசாக விளங்க இந்த ஒரு நிமிடம் போதும்.

ஜனவரி 20, அட்லாண்டாவில் இறுதி ஆட்டம், நோட்டர் டேம். நமக்குச் செவ்வாய் காலை 6 மணி. நோட்டர் டேம் முதலில் பத்து நிமிடம் பந்தை விடாமல் வைத்திருந்து டச்டவுன் போட்டது. பிறகு ஓஹையோ ஸ்டேட் 31-7 வரை போய்விட்டது. நோட்டர் டேம் துரத்தி 31-23 என்று நெருங்கியது. மூன்றாவது டவுன், 11 யார்டு. எல்லாரும் ஓடிக் கடிகாரத்தைக் குறைப்பார்கள் என்று நினைத்த இடத்தில் ஹவர்ட் உயரமாய் எறிந்தார், ஸ்மித் பிடித்தார், 56 யார்டு. அடுத்து உதைக்க வந்தது மிச்சிகன் ஆட்டத்தில் இரண்டைத் தவறவிட்ட அதே ஃபீல்டிங். இது தவறவில்லை. 34-23, மொத்தம் 14 வெற்றி, 2 தோல்வி.

அந்த சீசன் நல்ல சீசனா என்று ஓஹையோக்காரர்களிடம் கேட்டால் சாம்பியன் ஆகிவிட்டோமே என்பார்கள், அப்புறம் ஒரு 'ஆனால்' வரும். 2021-ல் சேர்ந்த அந்த வகுப்புக் கடைசிவரை தங்கப் பதக்கம் வாங்காமலேயே போனது. பிளே-ஆஃபை விரித்ததால் வழக்கமான சீசனின் ஒவ்வொரு சனிக்கிழமைக்கும் இருந்த உயிர்ப்பயம் கொஞ்சம் குறைந்துவிட்டது என்பது என் எண்ணம். மிச்சிகன் வாரம் மட்டும் அந்தக் கணக்குக்குள் வரவில்லை.

8. முடிந்த பிறகு

ஜனவரியோடு விட்டுவிட்டால் அடுத்த ஆகஸ்டில் யாரையும் தெரியாது. ஏப்ரலில் தொழில்முறை லீகின் அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டைப் பாருங்கள். 2025-ல் ஓஹையோ ஸ்டேட்டிலிருந்து 14 பேர் போனார்கள். ஓரிகனில் அடிபட்ட சிம்மன்ஸும், அவர் இடத்துக்கு மாறிய ஜாக்சனும் முதல் சுற்றிலேயே. ஹவர்ட் ஆறாவது சுற்றில் பிட்ஸ்பர்க் அணிக்கு. கோச்சுகளிலும் ஆள் மாறியது: தடுப்பாட்டத்தை நடத்திய ஜிம் நோல்ஸ் நேராகப் பென் ஸ்டேட்டுக்கே போனார். வசந்த காலத்தில் அணி தனக்குள் ஆடிக் காட்டும் ஆட்டம் ஒன்று உண்டு. புதுக் குவார்ட்டர்பேக்கின் முகத்தைப் பழகிக்கொள்ள அது போதும்.

டிக்கெட் வாங்குவதற்கு முன் புது அட்டவணையைப் பாருங்கள். சீசன் எப்போதும் சின்ன அணியோடு தொடங்கும் என்று நினைத்துவிட வேண்டாம். 2025-ன் முதல் ஆட்டமே கொலம்பஸில் டெக்சாஸோடு விழுந்தது, 14-7 என்று ஓஹையோ ஸ்டேட் தப்பியது. நிதானமாக உட்கார்ந்து ஆட்டம் கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் அந்த மாதிரி வருடத்தில் இரண்டாவது, மூன்றாவது வாரத்துக்கு எடுங்கள்.